கை வைக்கும் முன் கேட்க வேண்டியவை

ராஜவேலின் இடது கால் சரியில்லை என்பதை அந்த வகுப்பில் முதலில் கண்டுபிடித்தவள் வெண்மதி. கண்டுபிடித்ததும் அவளுக்கு வந்தது கவலை இல்லை, சந்தோஷம். வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

காரணம் இல்லாமல் ஒருத்தன் கால் கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்கிற பெண் இல்லை அவள். அந்தக் காரணத்தைச் சொல்வதென்றால் அவர்கள் படிக்கிற படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், சிதம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஒரு தனியார் கல்லூரி. அங்கே பிசியோதெரபியில் டாக்டர் பட்டத்துக்கு ஒரு படிப்பு. வெண்மதி செம்மண்டலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். அப்பா தங்கராசுவுக்கு மோட்டார் காயில் சுற்றும் கடை. பெண் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் 'டாக்டர்' என்பார். என்ன டாக்டர் என்று மேலே கேட்டால் கரண்ட் கட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கை கால் நீவி விடுவதற்கா இத்தனை வருஷம் படிப்பு என்று சொந்தக்காரர்கள் சிரித்திருந்தார்கள், அந்த வலி அவருக்கு.

சிரித்தவர்கள் ஒரு நாள் வந்து அந்தப் புத்தகங்களைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். முதல் வருஷம் முழுக்க ஃபார்மலின் வாடையில் பிணத்தை அறுத்து, எந்தத் தசை எந்த எலும்பில் பிறந்து எங்கே முடிகிறது என்று படித்தார்கள். மத்தியானம் தயிர்சாதத்தைத் திறந்தால் அதிலும் அந்த வாடை அடிக்கும். அப்புறம் நரம்பு, இதயம், நுரையீரல், மருந்து, ஸ்கேன் படம் பார்க்கிற வித்தை. மனிதன் நடக்கிறானே, அதற்கென்றே தனியாக ஒரு பாடம். குதிகால் எப்படித் தரையைத் தொடுகிறது, இடுப்பு எந்த நொடியில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு முழு செமஸ்டர் ஓடும். நடப்பதில் இவ்வளவு இருக்கிறதா என்று வெண்மதியே அசந்து போயிருக்கிறாள்.

இதையெல்லாம் பழக ஆரம்பத்தில் நோயாளிகளைக் கொடுக்க மாட்டார்கள். ஒருத்தர் உடம்புதான் இன்னொருத்தருக்குப் பாடப்புத்தகம். கூடப் படிப்பவன் முதுகில் பென்சிலால் தசையை வரைவார்கள், அவன் முட்டியை மடக்கி அளப்பார்கள். யாருக்குத் தோள் இறங்கியிருக்கிறது, யாருக்குத் தட்டைப் பாதம் என்பது மொத்த வகுப்புக்கும் தெரியும். அங்கே தெரிந்தது அந்தச் சுவரைத் தாண்டக் கூடாது என்பதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லாரும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

ராஜவேல் அதைத் தாண்டினான்.

அவன் திட்டக்குடிக்காரன். விவசாயக் குடும்பம், அகலமான தோள், எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற வாய். வாத்தியார்களுக்கும் செல்லப்பிள்ளை. நடைப் பாடத்தில் வெண்மதிக்கு அவன்தான் ஜோடியாக வாய்த்தான். சின்ன வயதில் ஒரு விபத்தில் அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்து, வலது கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. செருப்புக்குள் தக்கை வைத்து, தளர்வான சுடிதார் போட்டு, அதை யாருக்கும் தெரியாமல் நடக்க அவள் பழகியிருந்தாள். பாடத்துக்காக அதையெல்லாம் கழற்றி, அரைக்கால் சட்டையோடு, இடுப்பிலும் முட்டியிலும் கணுக்காலிலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வெறுங்காலில் நடந்தாள். ராஜவேல் செல்போனில் படம் பிடித்தான். அது பாடத்துக்காகப் பிடித்த படம்.

அன்று சாயங்காலம் அந்தப் படம் குத்துப் பாட்டு ஒன்றின் தாளத்தோடு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மேலே 'நடை ராணி' என்று தலைப்பு. அவள் இடுப்பு சாய்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு மேளச் சத்தம். முப்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். அங்கிருந்து அது எங்கெங்கோ போய், வடலூரில் அவளுக்குப் பூ வைக்க நாள் குறித்திருந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. பொண்ணுக்குக் கால் இப்படின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மாப்பிள்ளையின் அம்மா போனில் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். தங்கராசு கட்டான பிறகும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றதை வெண்மதி பார்த்தாள். சம்பந்தம் அதோடு நின்றது.

நடைப் பாடம் எடுத்த பேராசிரியர் கலியமூர்த்தி இரண்டு பேரையும் கூப்பிட்டு, ராஜவேலை மன்னிப்புக் கேட்க வைத்தார். அவன் சிரித்துக்கொண்டே கையைக் கூப்பி, தமாஷுக்குச் செய்ததாகச் சொன்னான். பசங்க விளையாட்டு, பெரிசு பண்ண வேண்டாம் என்றார் சார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, வெண்மதி பரவாயில்லை என்று சொன்னாள். அந்தப் 'பரவாயில்லை'தான் அவளை ராப்பகலாக அரித்தது. அவனை என்ன செய்யலாம் என்று பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வருஷம் யோசித்திருப்பாள். ஒன்றும் செய்ய முடியவில்லை. கையாலாகாத கோபத்துக்கு வயிற்றெரிச்சல் ஜாஸ்தி.

இந்த நிலைமையில்தான் பொங்கல் லீவு முடிந்து வந்த ராஜவேலின் நடை மாறியிருந்தது.

ஊரில் கரும்பு லோடு ஏற்றினபோது இடுப்பு பிடித்துக்கொண்டதாக அவனே பெருமையாகச் சொன்னான். ஹாஸ்டல் பசங்க அவனைக் கட்டிலில் திருப்பிப் போட்டு முதுகைச் சொடுக்கெடுத்தார்கள். புதிதாகக் கற்றுக்கொண்ட வித்தையை யார் முதுகிலாவது காட்டாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. இரண்டு நாள் கழித்து வராந்தாவில் அவன் நடந்து வருகிற சத்தம் வெண்மதியின் காதில் விழுந்தது. வலது கால் பதிகிற சத்தமே இல்லை. இடது கால் மட்டும் 'டப்' என்று தரையில் அறைந்தது. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற தசை சோர்ந்தால்தான் அப்படி அறையும் என்று அவள் படித்திருந்தாள். திரும்பிப் பார்க்காமல், காதாலேயே அந்தச் சத்தத்தை ருசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அது வெறும் கால் விஷயம் இல்லை என்பது ஸ்டூலால் தெரிந்தது. லேபில் ஒரு பழைய மர ஸ்டூல் உண்டு. அதன் நடுவில் ஒரு ஆணி மேலே எழும்பி நிற்கும். உட்கார்ந்தவன் துள்ளி எழுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அதற்காகவே அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். அன்று இடம் இல்லாமல் ராஜவேல் ஏதோ யோசனையில் அதில் உட்கார்ந்தான். வெண்மதி அவன் துள்ளுவதற்காகக் காத்திருந்தாள். அவன் துள்ளவில்லை. வகுப்பு முடிகிற வரைக்கும் அந்த ஆணி மேலேயே உட்கார்ந்து குறிப்பு எழுதினான். எழுந்தபோது பேண்ட்டில் நூல் பிரிந்து, புளியங்கொட்டை அளவுக்கு ரத்தம். அவன் திரும்பினான். வெண்மதி சட்டென்று கரும்பலகையைப் பார்த்தாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இதே வருஷம் படித்த பாடம் அது. முதுகெலும்பின் அடியில் குதிரை வால் மாதிரி ஒரு நரம்புக் கொத்து தொங்குகிறது. எலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டு பிதுங்கி அதை நசுக்கினால் கால் சோரும், உட்காருகிற இடம் மரத்துப்போகும், ஒண்ணுக்குப் போவது கட்டுப்பாட்டில் இருக்காது. அப்படிப்பட்டவன் முதுகில் யாரும் கை வைக்கக் கூடாது. நேராக ஆபரேஷனுக்கு அனுப்ப வேண்டும். தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் திரும்ப வராத ஒன்று போய்க்கொண்டிருக்கும்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாரிடம் சொல்லலாம், அவனிடமே சொல்லலாம். அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மனசாட்சி குத்தித் தூக்கம் வராமல் புரண்டாள் என்றெல்லாம் சொல்ல ஆசைதான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவள் நன்றாகத் தூங்கினாள். அடுத்து வந்த நாட்களில் அவன் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தான், டீக்கு வருவதை நிறுத்தினான், பாத்ரூமுக்குப் போனால் வர நேரமானது. ஒவ்வொன்றையும் அவள் கவனித்துக்கொண்டே இருந்தாள். ராஜவேல் நடக்கறது ஒரு மாதிரியா இல்லையா என்று பக்கத்தில் உட்காருகிற ஸ்ரீமதி கேட்டாள். செருப்பு லூசா இருக்கும் என்று சொல்லிவிட்டு வெண்மதி பக்கத்தைப் புரட்டினாள்.

பிராக்டிகல் தேர்வு வந்தது. புதுச்சேரியிலிருந்து ஒரு பெண் பேராசிரியர் தேர்வாளராக வந்திருந்தார். சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். ஒரு சீட்டில் வைத்தியம் செய்கிற மாணவர் பெயர், இன்னொன்றில் நோயாளியாகப் படுக்கிற மாணவர் பெயர், மூன்றாவதில் செய்ய வேண்டிய வேலை. வெண்மதிக்கு விழுந்த நோயாளி ராஜவேல். வேலை, இடுப்பு முதுகெலும்பைத் திருப்பிச் சொடுக்கெடுப்பது.

சீட்டைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

இதில் ஒரு வழக்கம் இருக்கிறது. முதுகில் கை வைக்கும் முன் நோயாளியிடம் வரிசையாகச் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்பது பாடம். ஆனால் படுத்திருப்பவன் தின்று கொழுத்த சக மாணவன்தானே என்று, யாரும் எதையும் கேட்பதில்லை. "ரெட் ஃப்ளாக்ஸ் நெகட்டிவ், மேடம்" என்று மந்திரம் மாதிரி ஒரு வரி சொல்வார்கள். ஆபத்து அறிகுறி ஒன்றும் இல்லை என்று அர்த்தம். படுத்திருப்பவன் தலையாட்டுவான், தேர்வாளரும் தலையாட்டுவார், வேலை ஆரம்பமாகும். அன்று அவளுக்கு முன்னால் போன அத்தனை பேரும் அப்படித்தான் செய்தார்கள்.

ராஜவேல் சட்டையைக் கழற்றி ஒருக்களித்துப் படுத்தான். வெண்மதி ஒரு கையை அவன் தோளிலும் இன்னொன்றை இடுப்பிலும் வைத்தாள். கைக்குக் கீழே அந்த உடம்பு நடுங்குவது தெரிந்தது. அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு ஒரு திருப்புத் திருப்பினால் போதும். இவன் அப்புறம் எழுந்து நடக்க மாட்டான். அவளை யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. தலையாட்டியவன் அவன், ஆரம்பி என்றவர் தேர்வாளர். இப்படி ஒரு வசதியைப் பகை வைத்திருக்கிற எவருக்கும் கடவுள் கொடுத்திருக்க மாட்டார்.

அவள் கையை எடுத்ததற்கு இரக்கம் காரணம் இல்லை. அப்படிச் செய்தால் அது விபத்தாகிவிடும். பாவம், தேர்வில் இப்படி ஆகிவிட்டதே என்று எல்லாரும் அவனுக்காக அழுவார்கள். தன்னை அடித்தது யார் என்று அவனுக்கே தெரியாது. அவள் மானம் போனபோது முப்பது பேர் பார்த்தார்கள். அவனுடையதையும் பார்க்க ஆள் வேண்டும். பின்னால் பெஞ்சில் மொத்த வகுப்பும் தன் முறைக்காகக் காத்து உட்கார்ந்திருந்தது. வாசலில் அட்டெண்டர் சின்னையன் நின்றிருந்தார்.

"எந்திரிச்சி உக்காரு," என்றாள். "கேள்வி கேக்கணும்."

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குக் கேள்வி கேட்க வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான் என்று அவர் முகம் மலர்ந்தது. கேளுங்க என்றார்.

வழக்கமாக ஆங்கிலத்தில் முணுமுணுக்கிற கேள்விகளை அவள் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி தமிழில் கேட்டாள். கால் மரத்துப்போவுதா என்றாள். இல்லை என்றான். உக்கார்ற எடத்துல தொட்டா தெரியுதா என்றாள். பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தெரியுது என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"ஒண்ணுக்கு வர்றது தெரியுதா, இல்ல தெரியாமலே போயிடுதா?"

இப்போது பெஞ்சே சிரித்தது. ராஜவேல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று கெஞ்சுகிற பார்வை அது. அவளுக்கு அது நன்றாகப் புரிந்தது. புரிந்ததும் இன்னும் கொஞ்சம் சத்தமாக அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டாள். தெரியுது என்றான். சரி, இறங்கி குதிகாலில் நட என்றாள். அவன் இறங்கி நின்றான். வலது பாதம் எழும்பியது. இடது பாதம் தரையை விட்டு எழும்பவில்லை. நடக்கப் பார்த்தான், டப் என்று அறைந்தது. இன்னொரு தடவை அறைந்தது. சிரிப்பு நின்றுபோனது.

"இப்ப சொல்லு," என்றாள் வெண்மதி.

"தெரியல," என்றான் அவன். "கொஞ்ச நாளாவே தெரியல. உள்ள டயப்பர் போட்டுக்கினுதான் வரேன்."

சொல்லிவிட்டு, அவ்வளவு பெரிய ஆள், சட்டையில்லாமல் நின்றுகொண்டு அழுதான். வெண்மதி அவனை முழுசாகப் பார்த்தாள். ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது கையில் வந்து விழுந்திருந்தது. கண்ணை எடுக்கவே மனசு வரவில்லை அவளுக்கு.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தேர்வாளர் தேர்வை நிறுத்தினார், ஆம்புலன்ஸ் வந்தது. கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அன்றைக்கே ஆபரேஷன் முடிந்தது.

வெண்மதிக்கு வந்த சோதனை அடுத்த நாள் ஆரம்பித்தது. அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். முழு மதிப்பெண். கல்லூரி வாசலில் அவள் படம் போட்டு ஃப்ளெக்ஸ் பேனர். கை வைக்கும் முன் கேட்க வேண்டும் என்பதற்கு வெண்மதியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கலியமூர்த்தி சார் எல்லா வகுப்பிலும் பேசினார். நடை ராணிக்குச் சிரித்த அதே முப்பது பேரும் இப்போது கை கூப்புகிற பொம்மை போட்டார்கள். அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவள் செய்தது என்ன என்று ஒருத்தனுக்குக்கூடப் புரியவில்லை. பழி வாங்கினால் பாராட்டு விழா நடத்துகிறார்களே, இந்த ஜனங்களை என்ன செய்வது.

ஞாயிற்றுக்கிழமை ராஜவேலின் அப்பா ராமாமிர்தமும் அம்மாவும் திட்டக்குடியிலிருந்து செம்மண்டலத்துக்கே வந்துவிட்டார்கள். தட்டில் பழம், பூ, ஒரு பட்டுப் புடவை. அந்த அம்மா வெண்மதியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் புள்ளைய எனக்குக் குடுத்த தெய்வம் நீ என்று அழுதாள். தங்கராசு தெருவே கேட்கிற மாதிரி, எம்பொண்ணு டாக்டர், பிசியோதெரபி டாக்டர் என்று இரண்டு தடவை சொன்னார். கையை உருவிக்கொள்ளவும் முடியாமல் வெண்மதி நின்றாள்.

கிளம்பும்போது ராமாமிர்தம் சாதாரணமாகத்தான் சொன்னார். ஒரு வாரம் முன்னாடி கொண்டாந்திருந்தா காலும் முழுசா வந்திருக்கும்னு சர்ஜன் சொன்னாராம். இப்ப இடது பாதத்துக்கு உறுதி சொல்ல முடியாதாம். யாருக்கு என்னம்மா தெரியும், உனக்காவது அன்னிக்குத் தெரிஞ்சுதே என்றார்.

ஸ்டூல் சம்பவம் நடந்தது அதற்கும் முன்னால். வெண்மதி கணக்குப் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்தப் புடவையை அவள் தொடவில்லை. நன்றி வேறு வாங்கிக்கொள்ள அவளால் முடியாது. செய்தது இன்னதென்று அவனுக்காவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இத்தனை நாள் வைத்திருந்த பகைக்கு அர்த்தமே இல்லை. மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் ஷேர் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனாள்.

ராஜவேல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது காலில் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் பட்டை. அம்மா காபி வாங்கப் போயிருந்தாள். வெண்மதி உட்காரவில்லை.

"எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள். "ஸ்டூல்ல உக்காந்து எந்திரிச்சியே, அன்னைக்கே தெரியும். சொல்லியிருந்தா உன் கால் வந்திருக்கும். வேணும்னேதான் சொல்லல. எக்ஸாம்ல கேட்டதும் உன்னக் காப்பாத்த இல்ல. உங்க அம்மாவ என் கையப் புடிச்சி அழ வேணாம்னு சொல்லு."

அவன் கோபப்படுவான், கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள். வடலூர், போன், அப்பா நின்ற நிலை, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அவன் பட்டையைத் தடவினான்.

"நானும் அதே புக்குதான வெண்மதி படிச்சேன். ரூமுக்குப் போயி பேண்ட்ல ரத்தத்தப் பாத்ததுமே எனக்கும் தெரிஞ்சிடுச்சி."

அப்புறம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், குரல் மட்டும் அதட்டலாக வந்தது.

"யாருகிட்ட சொல்றது? நடந்து காட்டுன்னுவாங்க, செல்போனத் தூக்கிப் புடிப்பானுங்க. பழக்கிவுட்டவனே நான்தான?" அவன் நிமிரவில்லை. "நீ பாத்தத நான் பாத்தேன். திரும்புனப்ப நீ போர்டப் பாத்த. வெண்மதிக்குத் தெரிஞ்சிடுச்சி, அவ வந்து சொல்லுவா, அவ சொன்னா போயிடலாம்னு இருந்தேன். அவ ஒருத்திதான் சிரிக்க மாட்டா. தெனம் பாத்தேன், நீ வரல. சரி, நமக்கு இது வேணும், அவ குடுக்கறத வாங்கிக்கறதுதான் மொறைன்னு விட்டுட்டேன்."

வெண்மதி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் பார்க்காததாக நினைத்துத் தினமும் அவள் ரசித்துக்கொண்டிருந்தபோது, அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவள் கொடுத்த தண்டனையை, யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று தெரிந்தே, ஒவ்வொரு நாளாக வாங்கிக்கொண்டிருக்கிறான். இதைத்தானே அவள் ஒரு வருஷம் கேட்டாள். அது முழுசாக, ஒரு குறையும் இல்லாமல் கிடைத்திருந்தது. இப்போது அது அவளுக்கு வேண்டாம் என்றிருந்தது.

உன்னை நான் மன்னிக்கவில்லை என்று சொன்னாள். அது உண்மை. தெரியும் என்றான் அவன்.

அவன் அம்மா இரண்டு காபியோடு உள்ளே வந்தாள். வெண்மதியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, உக்காரும்மா, என்னா நின்னுக்கினே இருக்க என்று ஒரு டம்ளரை நீட்டினாள். ராஜவேல் தன் டம்ளரை வாங்கிக்கொண்டான். வெண்மதி அவன் அம்மாவிடம் உண்மையைச் சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தபோது, அந்தக் காபியை வாங்கிக்கொள்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.